நீலக் குழந்தைகளுக்கு வாழ்வு தந்த ஹெலன் டாசிக்

உதடு நீலம். நகக்கண் நீலம். அழுதால் முகமே நாவற்பழம் போல் கறுத்து விடும். நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கும். உடனே அந்தக் குழந்தை தரையில் குந்தி, முழங்காலை மார்போடு அணைத்துக்கொள்ளும். யாரும் சொல்லிக் கொடுக்காமல் அது தானாகவே கற்றுக்கொண்ட வைத்தியம் அது.

1944-ம் ஆண்டு வரை உலகத்தில் எந்த ஊரிலும் இப்படிப்பட்ட குழந்தைக்கு வேறு வைத்தியம் கிடையாது. டாக்டர்கள் கையை விரித்தார்கள். தாய்மார்கள் நாளை எண்ணிக்கொண்டு காத்திருந்தார்கள்.

அந்த நிலையை மாற்றியவர் ஒரு பெண்மணி. சிறுவயதில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாமல் தவித்தவர். டாக்டரான பிறகு காது கேட்கும் சக்தியை இழந்தவர். அவர்தான் அமெரிக்காவின் டாக்டர் ஹெலன் டாசிக்.

படிப்பு ஏறாத பேராசிரியர் மகள்

ஹெலன் 1898-ம் ஆண்டு மே மாதம் 24-ந் தேதி, மாசாசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தார். தந்தை பிராங்க் டாசிக், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புகழ்பெற்ற பொருளாதாரப் பேராசிரியர். தாய் எடித், பெண்கள் கல்லூரிக்குப் போவதே அதிசயமாக இருந்த காலத்தில் கல்லூரியில் படித்தவர். நான்கு பிள்ளைகளில் ஹெலன் கடைக்குட்டி.

இவ்வளவு படித்த வீட்டில் பிறந்த ஹெலனுக்குப் படிப்பு ஏறவில்லை. எழுத்துகள் கண்ணுக்கு முன்னால் இடம் மாறும். சொற்கள் குழம்பும். இன்று இதை "டிஸ்லெக்சியா" என்று பெயர் சொல்லி, அதற்கென்று தனிப் பயிற்சி கொடுக்கிறார்கள். அந்தக் காலத்தில் அப்படி ஒரு குறை இருப்பதே பெரும்பாலான ஆசிரியர்களுக்குத் தெரியாது. மந்த புத்தி என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

தந்தை மட்டும் அப்படி முடிவு கட்டவில்லை. தமது வேலைகளுக்கு நடுவே மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். ஹெலனுக்கு 11 வயதாக இருந்தபோது தாய் காசநோயால் இறந்து போனார். ஹெலனையும் அந்த நோய் தொட்டது. பள்ளிக்கு அரை நாள் மட்டுமே போக முடிந்த காலமும் உண்டு. தாயில்லாத அந்தப் பெண்ணைத் தந்தையின் பொறுமைதான் கரை சேர்த்தது.

படிக்கலாம், பட்டம் கிடையாது

1921-ம் ஆண்டு கலிபோர்னியாவில் பட்டம் பெற்ற ஹெலன், வைத்தியம் படிக்க விரும்பினார். ஹார்வர்டில் பொது சுகாதாரப் படிப்பில் சேரலாமா என்று கேட்டார். பெண்கள் வகுப்பில் உட்கார்ந்து படிக்கலாம், ஆனால் பட்டம் தரமாட்டோம் என்று பதில் வந்தது. பட்டம் கிடைக்காத படிப்பை எந்த முட்டாள் படிப்பான் என்று ஹெலன் திருப்பிக் கேட்டார். யாரும் படிக்க வரமாட்டார்கள் என்றுதான் நம்புகிறேன் என்றார் பதில் சொன்ன தலைவர்.

ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் ஒரு பாடத்தை மட்டும் கேட்க ஹெலனுக்கு அனுமதி கிடைத்தது. அதற்கும் நிபந்தனை உண்டு. மற்ற மாணவர்களோடு சேர்ந்து உட்காரக் கூடாது. ஒரு மூலையில் தனியாக உட்கார வேண்டும். அந்தக் கல்லூரி 1945-ம் ஆண்டில்தான் பெண்களைச் சேர்த்துக்கொண்டது.

ஹெலன் பாஸ்டன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே அலெக்சாண்டர் பெக் என்ற பேராசிரியர் ஒரு மாட்டின் இதயத்தை அவர் கையில் கொடுத்து, இதை ஆராய்ந்து பார் என்றார். அன்று கைக்கு வந்த இதயத்தை ஹெலன் அதன் பிறகு விடவே இல்லை.

பால்டிமோர் நகரில் இருக்கும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில் பெண்களுக்கு இடம் இருந்தது. ஆண்களைப் போலவே பெண்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒரு செல்வந்தப் பெண்மணி கொடுத்த நன்கொடையால் 1893-ம் ஆண்டில் தொடங்கிய கல்லூரி அது. அங்கே 1927-ம் ஆண்டு ஹெலன் டாக்டர் பட்டம் பெற்றார்.

விரல் கேட்ட ஓசை

1930-ம் ஆண்டு, அந்த ஆஸ்பத்திரியின் குழந்தைகள் பிரிவில் இருதய நோய்க் கிளினிக்கின் பொறுப்பு டாசிக்கிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது 32. அதே காலத்தில் அவருக்குக் காது மந்தமாகிக்கொண்டே வந்தது.

இருதய டாக்டருக்கு ஸ்டெதஸ்கோப்தான் உயிர். காது கேட்காத இருதய டாக்டர் என்ன செய்வார்? டாசிக் தமது கை விரல்களைக் காதாக்கிக்கொண்டார். குழந்தையின் மார்பில் விரல்களை மெதுவாக வைப்பார். துடிப்பையும், ரத்தம் குறுகிய வழியில் நெருக்கிப் பாயும் அதிர்வையும் விரல் நுனியால் உணர்வார். நோயாளியின் பேச்சை உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வார். ஓசையைப் பெருக்கிக் காட்டும் ஸ்டெதஸ்கோப்பையும் பயன்படுத்தினார்.

எக்ஸ்ரே கதிர் மூலம் துடிக்கும் இதயத்தை நேரடியாகத் திரையில் பார்க்கும் கருவி அப்போது வந்திருந்தது. டாசிக் குழந்தையை இப்படியும் அப்படியும் திருப்பி நிறுத்தி, இதயத்தின் எந்த அறை பெருத்திருக்கிறது, எது சிறுத்திருக்கிறது என்று பார்ப்பார். இறந்துபோன குழந்தைகளின் இதயங்களையும் திறந்து பார்த்து, உயிரோடு இருந்தபோது தாம் எழுதி வைத்த குறிப்போடு ஒப்பிடுவார். இப்படி ஆண்டுக்கணக்கில் செய்ததில், பிறவி இருதயக் கோளாறுகளின் முகவரி எல்லாம் அவருக்கு மனப்பாடம் ஆயிற்று.

மூளைக்குப் பட்டினி

நீலக் குழந்தைகளில் பலருக்கு இருந்த கோளாறு ஒன்று. பிரெஞ்சு டாக்டர் ஃபாலோ 1888-ம் ஆண்டில் அதை விவரித்து எழுதியதால் அவர் பெயராலேயே அது வழங்குகிறது. அதில் நான்கு குறைகள் சேர்ந்திருக்கும். இதயத்தின் கீழ் அறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் ஓட்டை. நுரையீரலுக்குப் போகும் வழி குறுகல். உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெருங்குழாய் அந்த ஓட்டைக்கு மேலேயே அமர்ந்திருப்பது. வலது கீழ் அறையின் சதை தடித்துப்போவது.

இதனால் ஏற்படுவது என்ன? நுரையீரலுக்குப் போய்ப் பிராண வாயு ஏற்றிக்கொண்டு வர வேண்டிய ரத்தத்தில் ஒரு பங்கு, அங்கே போகாமலேயே ஓட்டை வழியாக உடலுக்குத் திரும்பிவிடுகிறது. பிராண வாயு இல்லாத ரத்தம் கருநீலம். அதுதான் உதட்டிலும் நகத்திலும் தெரிகிறது.

நீலம் தெரிவது உதட்டில். பட்டினி கிடப்பது மூளை. பெரியவர்களின் உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்குதான் மூளை. ஆனால் உடல் வாங்கும் பிராண வாயுவில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே செலவழிக்கிறது. வளரும் குழந்தையின் மூளைக்கு இன்னும் அதிகம் வேண்டும். நீலக் குழந்தை அழும்போதோ பால் குடிக்கும்போதோ திடீரென்று கறுத்து, நினைவிழந்து, சில சமயம் வலிப்பு வந்து விழுவது இதனால்தான்.

ஆபத்து அத்தோடு நிற்பதில்லை. பிராண வாயு போதவில்லை என்று உடல் மேலும் மேலும் சிவப்பணுக்களை உண்டாக்கும். ரத்தம் கெட்டியாகும். கெட்டியான ரத்தம் மூளையின் குழாயில் உறைந்தால் பக்கவாதம். மேலும், ரத்தத்தில் வரும் கிருமிகளையும் சிறு கட்டிகளையும் வழக்கமாக நுரையீரல் வடிகட்டிவிடும். நீலக் குழந்தையிடம் அந்த வடிகட்டியைத் தாண்டிக் கிருமி நேரே மூளைக்குப் போய்ச் சீழ்க்கட்டி உண்டாக்கலாம்.

குந்தி உட்காரும் ரகசியமும் இதில் அடங்கியிருக்கிறது. குந்தும்போது கால்களின் ரத்தக் குழாய்கள் மடிந்து நெருக்கப்படுகின்றன. உடல் பக்கம் அழுத்தம் கூடுவதால், அதிக ரத்தம் நுரையீரல் பக்கம் தள்ளப்படுகிறது. சிறிது பிராண வாயு கூடுகிறது. குழந்தை தெளிகிறது.

பழைய குழாயும் புதிய யோசனையும்

கருவில் இருக்கும் குழந்தைக்கு நுரையீரல் வேலை செய்யாது. ஆகவே நுரையீரல் குழாயையும் உடலின் பெருங்குழாயையும் இணைக்கும் சிறு குழாய் ஒன்று இருக்கும். பிறந்த சில நாட்களில் அது மூடிக்கொள்ளும்.

டாசிக் ஒன்றைக் கவனித்தார். சில நீலக் குழந்தைகள் இந்தச் சிறு குழாய் திறந்திருக்கும் வரை நன்றாக இருக்கிறார்கள். அது மூடியதும் நீலம் கூடி, நிலைமை மோசமாகிறது. அப்படியானால் அது போன்ற குழாய் ஒன்றைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தால் என்ன?

1938-ம் ஆண்டு பாஸ்டன் நகரில் ராபர்ட் கிராஸ் என்ற டாக்டர், மூடாமல் நின்றுவிட்ட குழாயைக் கட்டி மூடி வெற்றி கண்டிருந்தார். டாசிக் அவரிடம் போய்த் தமது யோசனையைச் சொன்னார். கிராஸ் ஆர்வம் காட்டவில்லை. குழாயை மூடவே பாடுபட்டு வழி கண்டவரிடம், குழாயைத் திறந்து வைக்கச் சொன்னால்?

1941-ம் ஆண்டு ஆல்ஃபிரட் பிளாலக் என்ற அறுவை நிபுணர் ஜான்ஸ் ஹாப்கின்சுக்கு வந்தார். டாசிக் தமது யோசனையை அவரிடம் எடுத்துச் சென்றார். குழாய் பழுதுபார்க்கும் தொழிலாளி குழாயை மாற்றி இணைப்பது போல, ரத்தத்தை நுரையீரலுக்குத் திருப்ப வழி உண்டா என்று கேட்டார்.

தச்சர் மகனின் கைத்திறன்

அந்த அறையில் மூன்றாவதாக ஒருவர் இருந்தார். அவர் பெயர் விவியன் தாமஸ். கறுப்பர் இனத்தவர், தச்சர் மகன். தாமும் தச்சு வேலை தெரிந்தவர். டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று காசு சேர்த்து வைத்திருந்தார். பொருளாதார வீழ்ச்சியில் பாங்கி மூழ்கியது, சேமிப்பும் மூழ்கியது. 1930-ம் ஆண்டு பிளாலக்கின் ஆராய்ச்சிக் கூடத்தில் உதவியாளாகச் சேர்ந்தார். சம்பளப் பட்டியலில் அவரைக் கூட்டிப் பெருக்கும் வேலைக்காரர் வகையில் எழுதியிருந்தார்கள்.

பகலில் இவர் டாக்டர்களுக்கு ஆபரேஷன் கற்றுக் கொடுப்பார். வீட்டுச் செலவுக்குப் போதாததால், பிளாலக் வீட்டு விருந்துகளில் பானம் ஊற்றிக் கொடுக்கும் வேலையும் பார்ப்பார்.

டாசிக் கேட்டதைச் செய்ய முடியுமா என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு தாமஸிடம் வந்தது. சுமார் 200 நாய்களிடம் சோதனை நடந்தது. முதலில் ஆரோக்கியமான நாயை நீல நாயாக்க வேண்டும். பிறகு அதைக் குணப்படுத்த வேண்டும். கைக்குப் போகும் ரத்தக் குழாயை வெட்டி, அதன் முனையை நுரையீரல் குழாயின் பக்கவாட்டில் தைப்பதுதான் வழி என்று தாமஸ் நிலைநாட்டினார். பிழைத்து வெகுநாள் வாழ்ந்த அன்னா என்ற நாயின் படத்தை ஆஸ்பத்திரியிலேயே மாட்டி வைத்தார்கள்.

நவம்பர் 29

1944-ம் ஆண்டு நவம்பர் மாதம் 29-ந் தேதி. ஐலீன் என்ற 15 மாதக் குழந்தை மேஜை மேல் படுத்திருந்தது. எடை சுமார் 4 கிலோ. அந்த வயதுக்கு இருக்க வேண்டிய எடையில் பாதிக்கும் குறைவு.

மனிதரிடம் இந்த ஆபரேஷனை அதுவரை யாரும் செய்ததில்லை. நாய்களிடமும் பிளாலக்குக்குப் பயிற்சி குறைவு; தாமஸுக்குத்தான் பயிற்சி அதிகம். ஆகவே தாமஸ் தமக்குப் பின்னால் நின்றாக வேண்டும் என்று பிளாலக் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். தாமஸ் ஒரு முக்காலியின் மேல் ஏறி நின்று, தோளுக்கு மேலாகப் பார்த்து, ஒவ்வொரு தையலுக்கும் வழி சொன்னார். டாசிக் குழந்தையின் தலைமாட்டில் நின்றார். குழந்தை மேஜையிலேயே இறந்துவிடும் என்று பலர் பயந்தார்கள்.

ஐலீன் பிழைத்தாள். ஆனால் சில மாதங்களில் மறுபடி நீலம் கூடியது. இரண்டாவது பிறந்த நாளைக் காணாமலேயே அவள் கண்ணை மூடினாள். எனினும் வழி திறந்துவிட்டது. 1945 பிப்ரவரியில் மேலும் இரண்டு ஆபரேஷன்கள் நடந்தன. மூன்றாவது நோயாளி ஆறு வயதுப் பையன். இடுக்கியை எடுத்த உடனே அவன் உதடு மேஜையிலேயே ரோஜா நிறமாக மாறியது.

அந்த ஆண்டு மே மாதம் பிளாலக்கும் டாசிக்கும் எழுதிய கட்டுரை வெளிவந்தது. உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் நீலக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் பால்டிமோருக்கு வந்தார்கள். அந்தக் கட்டுரையில் தாமஸின் பெயர் இல்லை. ஆபரேஷனுக்கு வைத்த பெயரிலும் இல்லை. 1976-ம் ஆண்டில்தான் அதே பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. இப்போது பல டாக்டர்கள் மூவர் பெயரையும் சேர்த்தே அந்த ஆபரேஷனைச் சொல்கிறார்கள்.

டாசிக்குக்கும் உரிய இடம் உடனே கிடைத்துவிடவில்லை. 1947-ம் ஆண்டில் அவர் எழுதிய பிறவி இருதயக் கோளாறுகள் பற்றிய நூல், குழந்தை இருதய வைத்தியத்துக்கே அடிப்படை நூல் ஆயிற்று. ஆனால் முழுப் பேராசிரியர் பதவி 1959-ம் ஆண்டில்தான் வந்தது. அதற்குள் அவருக்கு 61 வயது.

பிழைத்தால் மட்டும் போதுமா?

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பியதோடு கணக்கு முடிந்தது என்று டாசிக் நினைக்கவில்லை. குழந்தை பள்ளிக்கூடம் போகிறதா, ஓடி விளையாடுகிறதா, பெரியவனாகி வேலைக்குப் போகிறதா என்று விசாரித்துக்கொண்டே இருந்தார். ஓய்வு பெற்ற பிறகும், 20 ஆண்டுகளுக்கு மேல் ஆன பழைய நோயாளிகளைத் தேடிப் பிடித்து விவரம் சேகரித்து, 1970-களில் கட்டுரைகளாக வெளியிட்டார். பிழைக்கமாட்டார்கள் என்று கைவிடப்பட்டவர்களில் எத்தனையோ பேர் படித்து, மணம் செய்து, வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் தொடங்கிய அந்த விசாரணை அவருக்குப் பின்னும் தொடர்ந்தது. இதயத்தையே திறந்து ஓட்டையை அடைக்கும் ஆபரேஷன்கள் வந்தன. பச்சிளம் சிசுவுக்கும் செய்ய முடிந்தது. அப்போதுதான் புதிய கேள்வி எழுந்தது. ஆபரேஷனின்போது ரத்த ஓட்டத்தை முழுக்க நிறுத்தி வைத்தால் மூளைக்கு என்ன ஆகும்? 1988-ம் ஆண்டு பாஸ்டனில் தொடங்கிய ஆராய்ச்சி, ஓட்டத்தை அடியோடு நிறுத்துவதைவிட, குறைந்த அளவிலாவது இயந்திரத்தால் ரத்தம் செலுத்திக்கொண்டிருப்பது நல்லது என்று காட்டியது.

பிறகு இன்னும் ஆழமான உண்மை தெரிந்தது. 2007-ம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், கடுமையான இருதயக் கோளாறோடு பிறந்த சிசுக்களின் மூளையை ஆபரேஷனுக்கு முன்பே படம் எடுத்துப் பார்த்தார்கள். நிறைமாதத்தில் பிறந்த சிசுக்கள்தான். ஆனால் மூளையின் வளர்ச்சி பின்தங்கியிருந்தது. காரணம் கருவிலேயே இருக்கிறது. தாயிடமிருந்து வரும் நல்ல ரத்தத்தை முதலில் மூளைக்கு அனுப்பும்படி கருவின் இதயம் அமைந்திருக்கிறது. இதயத்தின் அமைப்பு மாறினால் அந்த ஏற்பாடும் மாறி, மூளைக்குப் போகும் பிராண வாயு குறைகிறது.

ஆகவே இதயம் சரியான பிறகும், இந்தக் குழந்தைகளில் சிலருக்குப் பேச்சு தாமதமாகலாம். கை கால் லாகவம் குறையலாம். கவனம் சிதறலாம். கணக்குப் பாடம் கடினமாக இருக்கலாம். எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. பெரும்பாலோரின் அறிவுத்திறன் இயல்பான அளவில்தான் இருக்கிறது. தடுமாறுகிறவர்களைச் சீக்கிரம் கண்டறிந்து பயிற்சி கொடுத்தால் பலன் உண்டு. ஆபரேஷன் ஆன குழந்தைகளின் வளர்ச்சியைத் தொடர்ந்து சோதிக்க வேண்டும் என்று 2012-ம் ஆண்டில் அமெரிக்க இருதயச் சங்கம் அறிவித்தது. அந்தச் சங்கத்துக்கு 1965-ம் ஆண்டில் முதல் பெண் தலைவராக இருந்தவர் டாசிக்தான்.

இன்னொரு போராட்டம்

1962-ம் ஆண்டு தொடக்கத்தில், ஜெர்மனியிலிருந்து வந்த பழைய மாணவர் ஒருவர் ஒரு செய்தி சொன்னார். அங்கே கை கால் வளராத குழந்தைகள் ஏராளமாகப் பிறக்கின்றன. தாய்மார்கள் கர்ப்ப காலத்தில் சாப்பிட்ட தாலிடமைட் என்ற தூக்க மருந்தின்மேல் சந்தேகம் என்றார். டாசிக் உடனே புறப்பட்டுப் போய், அந்தக் குழந்தைகளை நேரில் பார்த்து, விவரம் சேகரித்துத் திரும்பினார். பத்திரிகைகளில் எழுதினார்; அமெரிக்கப் பாராளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னார்.

அந்த மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி தராமல் நிறுத்தி வைத்திருந்தவர் பிரான்செஸ் கெல்சி என்ற இன்னொரு பெண்மணி. இவர்கள் உழைப்பின் பலனாக, மருந்துகளைச் சோதிக்கும் சட்டம் அந்த ஆண்டே கடுமையாக்கப்பட்டது. 1964-ம் ஆண்டு டாசிக்குக்கு ஜனாதிபதியின் சுதந்திரப் பதக்கம் கிடைத்தது.

கடைசி நாள்

டாசிக் மணம் செய்துகொள்ளவில்லை. நோயாளிக் குழந்தைகளே அவருக்குப் பிள்ளைகள். எண்பது வயதைத் தாண்டியும் ஆராய்ச்சியை விடவில்லை. பறவைகளின் இதயங்களை எடுத்து, அவற்றில் பிறவிக் கோளாறு உண்டா என்று தேடிக்கொண்டிருந்தார்.

1986-ம் ஆண்டு மே மாதம் 20-ந் தேதி, தேர்தலில் ஓட்டுப் போடுவதற்காகத் தோழிகளைத் தாமே காரில் அழைத்துச் சென்றார். பென்சில்வேனியாவில் இருக்கும் கென்னட் ஸ்குவேர் அருகே கார் மோதி உயிர் நீத்தார். 88 வயது நிறைய நான்கே நாள் பாக்கி. அவருடைய உடல், அவரது விருப்பப்படியே, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மாணவர்களின் படிப்புக்குப் போய்ச் சேர்ந்தது.

வேலைக்காக ஊர் விட்டு ஊர் வந்த குடும்பங்களில், குழந்தைக்கு மூச்சு வாங்குவதும், எடை கூடாததும், நகம் நீலமாக இருப்பதும் பல சமயம் கவனிக்கப்படாமல் போகின்றன. பிறவி இருதயக் கோளாறையும் வளர்ச்சித் தாமதத்தையும் கண்டறிய, 2013-ம் ஆண்டு மத்திய சர்க்கார் நாடு முழுவதுக்கும் திட்டம் தொடங்கியது. அங்கன்வாடிகளுக்கும் சர்க்கார் பள்ளிகளுக்கும் சோதிக்கும் டாக்டர்கள் வருகிறார்கள். அன்றைய தினம் குழந்தையைத் தவறாமல் அனுப்பினாலே பாதி வேலை முடிந்தது.

மார்பில் ஆபரேஷன் தழும்போடு பள்ளிக்கு வரும் பிள்ளை பாடத்தில் பின்தங்கினால், அதை மக்கு என்று ஒதுக்குவது எளிது. எழுத்துத் தெரியாமல் தவித்த ஹெலனையும் அப்படி ஒதுக்கியிருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க ஒரு தந்தை இருந்தார். அந்தப் பொறுமையில் பிழைத்தது ஹெலன் மட்டும் அல்ல. எத்தனையோ ஆயிரம் நீலக் குழந்தைகளும்தான்.